கார் ஹெட்லைட்டில் எல்இடி பல்பு: சூட்டை வெளியேற்றப் படிப்படியான வழிகாட்டி

எல்இடி பல்பு வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: எத்தனை வாட், எவ்வளவு வெளிச்சம். இந்தப் பல்பில் உண்டாகும் சூடு எந்த வழியாக வெளியே போகும் என்று யாரும் கேட்பதில்லை. மாட்டிய அன்று பளிச்சென்று எரிந்த பல்பு சில மாதங்களில் மங்குவது, ஒரு பக்கம் மட்டும் துடிப்பது, நல்ல இருட்டில் சட்டென்று அணைந்துபோவது என எதை எடுத்தாலும் பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் போய் முடியும். இரவில் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நம் ஊர்ச் சிறு கார்கள் பலவற்றில் இருக்கும் 60/55 வாட் ஹெச்4 பல்பை (ஹை பீம், லோ பீம் இரண்டும் ஒரே பல்பில்) வைத்தே இதை எழுதுகிறேன். ஹெச்7 (ஒரு பல்பில் ஒரே பீம்) போட்ட வண்டிக்கு எங்கெல்லாம் வேறுபடுமோ அங்கே சொல்கிறேன்.

சூடு எங்கே போகிறது

ஹாலஜன் பல்புக்குச் சூடுதான் உயிர். அதன் இழை 2,500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கனன்றால்தான் வெளிச்சமே வரும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராகக் கண்ணாடி வழியே முன்பக்கமாகப் போய்விடுகிறது. எரியும் ஹாலஜன் ஹெட்லைட்டின் முன்னால் கையை நீட்டினாலே வெதுவெதுப்புத் தெரியும்.

எல்இடி நேர் எதிர். உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வெளிச்சமாகிறது. மிச்சம் முழுவதும் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிப்பில் சூடாகத் தேங்குகிறது. அது முன்பக்கமாகக் கதிராகப் போகாது. பின்பக்கமாக, உலோகம் வழியாகக் கடந்துதான் போக வேண்டும். சிப்பிலிருந்து செம்புத் தண்டுக்கு, தண்டிலிருந்து பல்பின் உடலுக்கு, உடலிலிருந்து பின்னால் உள்ள ஹீட்சிங்க்குக்கு (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதி), அங்கிருந்து விசிறி தள்ளும் காற்றுக்கு, கடைசியாக அந்தக் காற்று பானெட்டுக்குள்ளிருந்து வெளியே. இதில் ஒரு கண்ணி அடைத்தாலும் போதும், மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிப் வெந்துவிடும். சிப்பின் உள்வெப்பம் 125 முதல் 150 டிகிரி வரை போகலாம் என்பதுதான் பொதுவான உச்சவரம்பு. ஆயுள் வேண்டுமென்றால் அதற்கு நிறையக் கீழேயே நிறுத்த வேண்டும்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 வாட் இழுக்கும் பல்பில் சுமார் 17 வாட் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பிலிருந்து காற்று வரை உள்ள பாதையில், ஒரு வாட் சூட்டுக்கு 3 டிகிரி வீதம் வெப்பம் ஏறுவதாகக் கொள்வோம். 17 வாட்டுக்கு 51 டிகிரி. ஹெட்லைட்டின் பின்னால் காற்று 45 டிகிரியில் இருந்தால் சிப் 96 டிகிரியில் நிற்கும், கவலையில்லை. நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது அதே காற்று 70 டிகிரிக்குப் போனால் சிப் 121 டிகிரி. இப்போது இதே உடலில் 50 வாட் சிப் வைத்த பல்பை யோசியுங்கள். சூடு மட்டும் 34 வாட், ஏற்றம் 102 டிகிரி, அதே 70 டிகிரிக் காற்றோடு சேர்த்து மொத்தம் 172. அந்தப் பல்பு ஒன்று தானாகவே மங்கிக்கொள்ளும், இல்லையென்றால் செத்துவிடும். பின்னால் வருகிற படிகள் எல்லாம் இந்தக் கணக்கின் மூன்று எண்களைக் குறைப்பதற்காகத்தான்: இழுக்கும் வாட், பாதையின் தடை, சுற்றியுள்ள காற்றின் வெப்பம்.

படி 1: பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பாதீர்கள்

200 வாட், 20,000 லுமென் (பல்பு தரும் வெளிச்சத்தின் அளவு) என்று போட்ட பெட்டிகள் சந்தையில் நிறைய. இதைச் சரிபார்க்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 13.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஒரு பல்பு உண்மையிலேயே 200 வாட் இழுத்தால் ஏறக்குறைய 15 ஆம்பியர் ஓட வேண்டும். பெரும்பாலான சிறு கார்களில் ஹெட்லைட் பியூஸே 10 அல்லது 15 ஆம்பியர்தான். பியூஸ் போகாமல் பல்பு எரிகிறது என்றால் அந்த 200 வாட் அச்சில் மட்டும்தான் இருக்கிறது. அளந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு பல்புக்கு 2 முதல் 3 ஆம்பியர் இழுக்கும், அதாவது 27 முதல் 40 வாட்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு: ஹெச்4 ஹாலஜனின் தரக் குறிப்பே லோ பீமுக்கு 1,000 லுமென், ஹை பீமுக்கு 1,650 லுமென். ஒரு பல்புக்கு 1,500 முதல் 2,000 லுமென் வரை உண்மையாகத் தரும் எல்இடி, லோ பீமில் ஹாலஜனைத் தாராளமாகத் தாண்டிவிடும். அதற்கு 20 முதல் 25 வாட் போதும். அடைபட்ட டூமுக்கு, அதாவது பல்பு உட்காரும் ஹெட்லைட் கூட்டுக்கு, இதுதான் என் தேர்வு. 40, 50 வாட் பல்பைப் போட்டு அது பத்து நிமிடத்தில் தானே மங்கிக்கொள்வதைவிட, 22 வாட் பல்பு மணிக்கணக்கில் ஒரே சீராக எரிவது எவ்வளவோ மேல்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். தண்டு செம்பா, அலுமினியமா? அலுமினியத்தைவிடச் செம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். இது தண்டில்தான் அதிகம் முக்கியம். ஹாலஜன் இழை இருந்த அதே இடத்தில் இரு பக்கச் சிப்பும் நிற்க வேண்டுமானால் தண்டு மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய தண்டில் சூடு போகும் பாதையோ குறுகல். தண்டைத் தடிமனாக்கிச் சூட்டைத் தீர்த்தால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். மெல்லிய செம்புத் தண்டுதான் இரண்டையும் ஓரளவு சமாளிக்கும் வழி. பிறகு எடை: தக்கை போல் இருக்கும் பல்பில் சூட்டை வாங்கிக்கொள்ள உலோகமே இல்லை.

விசிறி உள்ளதா, இல்லாததா? ஹெச்4-ல் பல்பின் பின்பகுதி ரப்பர் பூட்டுக்கு (டூமின் பின்வாயை மூடும் ரப்பர் உறை) வெளியே நிற்பதால் விசிறிக்குக் காற்று கிடைக்கும், அதையே வாங்கலாம். பால் பேரிங் விசிறி, தூசியும் நீரும் புகாத தரம் என்று குறிப்பிட்டிருந்தால் நல்லது. விசிறி இல்லாமல் செம்புப் பின்னல் பட்டை வைத்தவை சத்தமில்லாதவை, கெட்டுப்போக அசையும் பாகமும் கிடையாது. ஆனால் பட்டையை விரித்துவிட இடம் வேண்டும், வாட்டும் குறைவாக இருக்க வேண்டும்.

இங்கேயே சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. அமெரிக்காவில் ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்இடி பல்புக்கு அனுமதியே இல்லை. ஜெர்மனியில் 2020-ல் ஓஸ்ராமின் எல்இடி பல்பு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் பட்டியலில் உள்ள கார் மாடல்களுக்கு மட்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, இன்சூரன்ஸ் நிலையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: வாங்கும் முன் டூமின் பின்பக்கத்தைப் பாருங்கள்

பானெட்டைத் திறந்து இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். பல வண்டிகளில் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் வாஷர் டேங்க் கழுத்தோ ஏர் பில்டர் பெட்டியோ ஹெட்லைட்டை ஒட்டியே இருக்கும். பல்பின் விசிறிக்குப் பின்னால் குறைந்தது இரண்டு விரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். பேட்டரியின் சுவரை முட்டிக்கொண்டு நிற்கும் விசிறி காற்றை இழுக்காது. ஒரு பக்கப் பல்பு மட்டும் அடிக்கடி போகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

ஹெச்7 வண்டிகளில் சிக்கல் வேறு. அங்கே பல்பு முழுவதும் டூமுக்குள்ளேயே இருக்கும், பின்னால் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்துவிடுவார்கள். ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் டேபிள் ஃபேன் ஓடுவது போலத்தான்: காற்று சுற்றும், சூடு போகாது. இந்த வண்டிகளுக்கு 20 வாட்டை ஒட்டிய, உடல் குட்டையான பல்பு போடுங்கள். மூடி பல்பின் பின்பகுதியைத் தொட்டால் குழிவான ஆழமுள்ள மூடி கிடைக்கும், அதை வாங்கி மாட்டுங்கள். உள்ளே காற்றின் அளவும் கொஞ்சம் கூடும்.

மூடியில் ஓட்டை போட்டுவிடலாம் என்று சில கடைகளில் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். டூமுக்குக் காற்றோட்டம் தர, நீர் உள்ளே வராதபடி சிறு குழாயோ சவ்வோ கம்பெனியிலேயே வைத்திருக்கிறார்கள். ஓட்டை போட்டால் ஐப்பசி மழையில் தண்ணீரும் மற்ற நாளில் புழுதியும் ரிப்ளெக்டரில் படியும். இன்னொன்றும் உண்டு. ஹாலஜனின் சூடு முன்கண்ணாடியை உலர்த்திக்கொண்டே இருக்கும். எல்இடி அதைச் செய்யாது. உள்ளே ஈரம் ஏறினால் பனி பூத்தது போல் வெகுநேரம் நிற்கும்.

படி 3: மாட்டும் முறை

வண்டி ஆறியிருக்கட்டும். ஹாலஜன் பல்பு இப்போதுதான் எரிந்தது என்றால் பத்து நிமிடமாவது விடுங்கள். கனெக்டரைப் பிடுங்கி, ரப்பர் பூட்டைக் கழற்றி, கம்பி கிளிப்பைத் தள்ளி பல்பை எடுங்கள். பழைய ஹோல்டர் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு 100/90 வாட் பல்பு ஓட்டிய வண்டிகளில் இது சாதாரணம். அதன் பின்கள் தளர்ந்திருந்தால் எல்இடிக்கும் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். செராமிக் ஹோல்டர் ஒன்று மாற்றிவிடுங்கள்.

பல்பிலிருந்து, அதை டூமில் உட்காரவைக்கும் வளையத்தைத் திருகிக் கழற்றி, அதை மட்டும் முதலில் டூமில் உட்காரவைத்து கிளிப்பைப் பூட்டுங்கள். அதன் மேல் ரப்பர் பூட். அப்புறம் பல்பை பூட்டின் துளை வழியாக நுழைத்துத் திருப்பிப் பூட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். பூட்டின் உதடு பல்பின் கழுத்தைக் கவ்வ வேண்டும்; ஹீட்சிங்க்கும் விசிறியும் முழுக்க வெளியே நிற்க வேண்டும். பூட் விசிறியின் வாயை மூடிக்கொண்டு நின்றால், அல்லது இடிக்கிறது என்று பூட்டையே விட்டுவிட்டால், இரண்டுமே தப்பு. துளை சின்னதாக இருந்தால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பொருத்திப் பாருங்கள். ஒரேயடியாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது.

சிப்புகள் இடமும் வலமும் பார்த்திருக்க வேண்டும், மேலும் கீழும் அல்ல. கடிகாரத்தில் 3-ம் 9-ம் இருக்கும் திசை என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒளி விழும் கோடு தெளிவாக இல்லையென்றால் வளையத்தைத் தளர்த்தித் திருப்பிச் சரி செய்யலாம்.

படி 4: டிரைவர் பெட்டியையும் ரெசிஸ்டரையும் கட்டும் இடம்

பல்பு போய்விட்டது என்று தூக்கிப்போடப்படுகிறவற்றில் பல, உண்மையில் டிரைவர், அதாவது பல்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பெட்டி, போனவை. அந்தச் சின்னப் பெட்டிக்குள் மின்தேக்கிகள் இருக்கின்றன. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிப்போன கணக்கு. ரேடியேட்டர் ஹோஸ் மேலேயும் இன்ஜின் பக்கமும் அதைக் கட்டாதீர்கள். முன்பக்கத் தகட்டிலோ பெண்டர் ஓரத்திலோ, காற்றுப் படும் இடத்தில் டேக் போட்டுக் கட்டுங்கள். தண்ணீர் படக்கூடாது என்று இன்சுலேஷன் டேப்பையும் ஸ்பாஞ்சையும் சுற்றிவிடுகிறார்கள். அதைச் செய்தால் உள்ளிருக்கும் சூடு வெளியே வரவே முடியாது. வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுக் கனெக்டருக்குக் கொண்டுபோனால் போதும், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பல்பு போனதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் வண்டிகளில் கேன்பஸ் டிகோடர் கேட்கும்; எல்இடி குறைவாக மின்சாரம் இழுப்பதைப் பார்த்துப் பல்பு போய்விட்டது என்று வண்டி நினைக்காமல் இருக்க மாட்டும் துணைக்கருவி அது. அதில் சில வகைகள் வெறும் சுமை ரெசிஸ்டர்தான். 6 ஓம் ரெசிஸ்டர் 13.5 வோல்ட்டில் 30 வாட்டைச் சும்மா சூடாக்கும். பல்பின் சூட்டைவிட அது அதிகம்! தங்க நிற உறை போட்ட அந்த ரெசிஸ்டரை வெற்றுத் தகட்டில் திருகித்தான் பொருத்த வேண்டும். வயர் கட்டோடு சேர்த்து டேக் போட்டால் வயரின் உறை உருகும், தீப்பிடிக்கவும் வழியுண்டு. முடிந்தவரை ரெசிஸ்டர் தேவைப்படாத டிகோடரைத் தேடுங்கள்.

படி 5: சூடேறிய பிறகு சோதியுங்கள்

மாட்டியதும் ஆன் செய்து, ஆஹா என்று சொல்லிவிட்டு பானெட்டை மூடுவதுதான் வழக்கம். ஆறிய எல்இடி எல்லாமே நன்றாகத்தான் எரியும். தெரிந்துகொள்ள வேண்டியது அரை மணி நேரத்துக்குப் பிறகு அது எப்படி எரிகிறது என்பதை.

இருட்டிய பின் திறந்தவெளியில், ஒரு சுவருக்கு 5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்துங்கள். மூடிய கராஜில் வேண்டாம், புகை ஆபத்து. முதலில் அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள், ஆனால் ஹெட்லைட்டில் பழைய பல்பே இருக்கட்டும், புதிய பல்பை மாட்டியிருந்தால் அது வழியிலேயே சூடேறிவிடும். வந்ததும் ஹாலஜன் பல்பைப் பத்து நிமிடம் ஆறவிட்டு, கையுறை போட்டு மாற்றுங்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டை மூடிவிடுங்கள். பானெட் திறந்திருந்தால் வெளிக்காற்று வந்து சோதனையே பொய்யாகிவிடும்.

போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, போனைச் சுவரில் ஒளி அதிகம் விழும் இடத்தில் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். போனின் எண் துல்லியமாக இருக்காதுதான், ஆனால் நமக்கு வேண்டியது ஏற்ற இறக்கம் மட்டும். லோ பீம் போட்ட அரை நிமிடத்தில் ஒரு அளவு, அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, அரை மணி வரை குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 400 என்று காட்டியது கடைசியில் 360-ல் நின்றால் நல்ல பல்பு. 10 சதவீத இறக்கம் எல்இடியின் இயல்பு. 320 வரை போனால் காற்றோட்டத்தைச் சரி செய்து மறுபடி பாருங்கள். 280-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பல்பு அந்த வண்டிக்கு ஆகாது, திருப்பிக் கொடுங்கள்.

டிசி கிளாம்ப் மீட்டர் உள்ளவர்கள் மின்னோட்டத்தையும் பார்க்கலாம். 2.4 ஆம்பியரில் தொடங்கி மெல்ல 2.3-க்கு வருவது சகஜம். சட்டென்று 1.5-க்கு விழுந்தால் டிரைவர் சூட்டுக்குப் பயந்து வெட்டிவிட்டது என்று அர்த்தம்.

வெப்பமானியை நேராக ஹீட்சிங்க்கில் காட்டி அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியத்தில் லேசர் புள்ளி வெப்பமானி உண்மையைவிட நிறையக் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் அளந்தால் உண்மைக்கு அருகில் வரும். மல்டிமீட்டரின் வெப்ப முனையை டேப் போட்டு ஒட்டினால் இன்னும் நல்லது. ஹீட்சிங்க்கின் அடிப்பகுதி 80 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தொட்டால் உள்ளே சிப் அதைவிடப் பல டிகிரி மேலே இருக்கிறது.

அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

ஆன் செய்த உடனேயே துடித்தால் அது சூடு இல்லை. ஹோல்டர் தளர்ச்சி, எர்த் கோளாறு, அல்லது வண்டி விட்டுவிட்டுத் தரும் மின்சாரம். பத்து இருபது நிமிடம் ஒழுங்காக எரிந்துவிட்டுத் துடித்தால் சூடுதான். ஆற வைத்து மறுபடி போட்டால் சரியாக எரிகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். ஒளி நாளடைவில் நீலமாகவோ ஊதாவாகவோ திரும்பினால், நீல எல்இடியின் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் வெந்தோ பெயர்ந்தோ போயிருக்கிறது. அதற்கு மருந்தில்லை.

விசிறியைக் காதால் சோதிக்கலாம். இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, லைட்டைப் போட்டுப் பின்பக்கம் காதைக் கொண்டுபோங்கள். சீரான மெல்லிய இரைச்சல் நல்லது. கரகரவென்றோ விட்டுவிட்டோ கேட்டால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. செத்த பல்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும்: விசிறியின் இறக்கைகளில் எண்ணெய்ப் பசையோடு புழுதி ஒட்டிச் சாம்பல் நிறப் பட்டைபோல் இறுகியிருக்கும், விரலால் சுண்டினால் அரைச் சுற்றுகூடச் சுற்றாது, தண்டுக்கும் உடலுக்கும் நடுவில் இருந்த வெள்ளை பேஸ்ட் காய்ந்து பொடியாக உதிரும்.

அந்த பேஸ்ட்டைப் புதுப்பிக்கலாமா என்று கேட்பார்கள். திருகு போட்டுப் பிரிக்க வரும் பல்பில் செய்யலாம். பழையதைச் சுத்தமாகத் துடைத்து, கணினிக்குப் போடும் தெர்மல் பேஸ்ட்டை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அப்பிவிட்டால் அதுவே சூட்டுக்குத் தடை. அழுத்தி ஒட்டிய பல்புகளைப் பிரிக்க முயலாதீர்கள், சிப்பின் வயர் அறுந்துவிடும்.

பராமரிப்பு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மண் சாலையில் அதிகம் ஓடினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். இறக்கையை ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொண்டு சின்ன பிரஷ்ஷால் தட்டி ஊதுங்கள். பிடிக்காமல் கம்ப்ரஸர் காற்றை அடித்தால் விசிறி கண்டபடி சுழன்று பேரிங் கெடும். வாட்டர் வாஷ் விடும்போது ஹெட்லைட்டின் பின்பக்கம் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலை ஏறும்போது தனிக் கவனம் தேவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரவில் ஏறும் வண்டி, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் இன்ஜினைக் கொதிக்கவைத்துக்கொண்டு, காற்றே இல்லாத வேகத்தில் போகிறது. பல்புக்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. ஹை பீமை வளைவுகளில் மட்டும் போடுங்கள். வெளிச்சம் குறைவதாகத் தெரிந்தால், அகலமான இடத்தில் ஓரங்கட்டி, பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டு ஹெட்லைட்டைப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

கழற்றிய ஹாலஜன் பல்பு இரண்டையும் பழைய ரப்பர் பூட்டையும் தூக்கிப்போடாமல் டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். பூட்டை வெட்டியிருந்தால் வெட்டாத ஒன்றை வாங்கி வையுங்கள், ஏனென்றால் வெட்டிய பூட் ஹாலஜனின் கழுத்தில் நிற்காது. ஹாலஜனின் கண்ணாடியில் விரல் படாதபடி காகிதத்தில் சுற்றி வைத்தால், எல்இடி வழியில் கைவிட்டாலும் கருவி எதுவும் இல்லாமல் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.